யாரு காசு கட்டுறது?

டிஎல்சியில் வந்த 'டாக்டர் பிம்பிள் பாப்பர்' நிகழ்ச்சியைச் சாப்பாட்டுத் தட்டோடு உட்கார்ந்து பார்க்க முடியாது. அப்படியும் பார்க்கிறவர்கள் இருக்கிறார்கள். எங்கள் வீட்டிலேயே ஒருவர் இருக்கிறார். கலிபோர்னியாவில் அப்லேண்ட் என்ற ஊரில் தோல் மருத்துவராக இருக்கும் சாண்ட்ரா லீதான் அந்த 'பிம்பிள் பாப்பர்'. அப்பா சிங்கப்பூர், அம்மா மலேசியா என்பதால் நாமும் கொஞ்சம் சொந்தம் கொண்டாடிக்கொள்ளலாம். 2018இல் தொடங்கிய நிகழ்ச்சி. முதுகில் தேங்காய் அளவுக் கொழுப்புக் கட்டியோடு ஒருவர் வருவார். பல வருடமாகக் கடற்கரையில் சட்டையைக் கழற்றியதில்லை என்று சொல்லி அழுவார். லீ மரத்துப்போக ஊசி போட்டுக் கீறுவார். கட்டி மொத்தமாக வெளியே வந்து தட்டில் விழும். கடைசியில் ஒரு கண்ணாடி, ஒரு சிரிப்பு, ஒரு கட்டிப்பிடித்தல்.

இந்த வகை நிகழ்ச்சிகளில் பெயர்போன இன்னொன்று பிரிட்டனில் சேனல் 4 ஒளிபரப்பிய 'எம்பாரஸிங் பாடிஸ்'. 2007இல் வேறு பெயரில் தொடங்கி, அடுத்த வருடம் பெயர் மாறி, 2015 வரை ஓடியது. கிறிஸ்டியன் ஜெசன், பிக்ஸி மெக்கென்னா, டான் ஹார்ப்பர் என்ற மூன்று டாக்டர்களும் ஊர் ஊராக நடமாடும் கிளினிக் வண்டியோடு போவார்கள். மூலம், மார்பு, விரை, வாய்நாற்றம், சிறுநீர்க் கசிவு என்று மனைவியிடமும் புருஷனிடமும் சொல்லாததை எல்லாம் ஜனங்கள் கேமரா முன்னால் அவிழ்த்துக் காட்டுவார்கள்.

இதைப் பற்றி எழுதுகிறவர்கள் வழக்கமாகச் சொல்வது ஒன்றுதான்: நோயாளியை வேடிக்கைப் பொருளாக்குகிறார்கள். அதில் உண்மை இல்லாமல் இல்லை. ஆனால் என் அம்மா இந்த நிகழ்ச்சியைப் பார்த்து அருவருப்பும் படவில்லை, கோபமும் படவில்லை. அவர் கேட்டது வேறு.

"ஏண்டி, இதுக்கெல்லாம் யாரு காசு கட்டுறது?"

தோட்டத்தில் பால் வெட்டி நாலு பிள்ளையை வளர்த்தவருக்கு வரக்கூடிய கேள்வி அது. நான் ஒரு தொழிற்சாலையில் உற்பத்திப் பிரிவில் பொறியியலாளர். ஒரு கூட்டத்தில் யாராவது எழுந்து "செலவைக் குறைச்சிட்டோம்" என்று சொன்னால், அது எங்கே போனது என்று தேடுவது எங்கள் பழக்கம். பெரும்பாலும் வேறொரு பிரிவின் கணக்கிலோ, இரவு ஷிப்ட்டுக்காரரின் முதுகிலோ ஏறியிருக்கும். அம்மாவின் கேள்விக்கும் அப்படித்தான் பதில் தேடத் தொடங்கினேன்.

அமெரிக்காவில் இருந்து ஆரம்பிக்கலாம். சாண்ட்ரா லீ தொலைக்காட்சிக்கு வருவதற்கு முன் யூடியூபில் புகழ்பெற்றவர். கரும்புள்ளி, சின்னச் சின்ன வெள்ளைக் கட்டிகள் போன்றவற்றை எடுப்பதை அங்குள்ள காப்புறுதி நிறுவனங்கள் மருத்துவத் தேவை என்று ஏற்பதில்லை. அதனால் அவர் முதலில் சிறு கட்டணம் வாங்கினார். பிறகு, படம் பிடித்துப் போட அனுமதித்தால் இலவசம் என்றார். முகம் காட்டப்படாது. இது ஒரு நேர்மையான பண்டமாற்று என்றே எனக்குப் படுகிறது. நோயாளியிடம் காசு இல்லை, கட்டி இருக்கிறது. அந்தக் கட்டியைப் பார்க்க லட்சக்கணக்கானோர் தயாராக இருக்கிறார்கள். கட்டியே காசாகிவிட்டது.

தொலைக்காட்சிக்குப் போனபோது பண்டமாற்றின் விலை ஏறியது. யூடியூபுக்குக் கட்டி மட்டும் போதும். தொலைக்காட்சிக்கு முகம் வேண்டும், பெயர் வேண்டும், வீடு, அம்மா, பழைய காதல், பள்ளிக்கூடத்தில் பட்ட கேலி எல்லாம் வேண்டும். காப்புறுதி 'இது அழகுக்காகச் செய்வது' என்று ஒதுக்கிய கட்டிதான் அவருடைய முழு வாழ்க்கையையும் முடக்கிப் போட்டது என்பதை அவரே உலகத்துக்கு நிரூபித்துக் காட்ட வேண்டும். அழுகையை நான் அந்த வகையில்தான் பார்க்கிறேன், ஒரு விண்ணப்பப் பாரமாக.

பிரிட்டன் கதை வேறு. அங்கே 1948 ஜூலை 5ஆம் தேதியிலிருந்து தேசிய சுகாதாரச் சேவை இருக்கிறது. டாக்டரைப் பார்க்கவும் ஆஸ்பத்திரியில் படுக்கவும் காசு கட்ட வேண்டியதில்லை. வரிப்பணம் கட்டுகிறது. அப்படியென்றால் எதற்கு ஒருவர் கேமரா முன்னால் கால்சட்டையை இறக்க வேண்டும்? வெட்கம் ஒரு காரணம். தெரிந்த குடும்ப டாக்டரிடம் காட்டக் கூச்சமாக இருக்கிறது, தெரியாத பத்து லட்சம் பேரிடம் காட்ட முடிகிறது. இது முரணாகத் தெரியலாம். ஆனால் அந்தப் பத்து லட்சம் பேரை மறுநாள் மார்க்கெட்டில் நேருக்கு நேர் பார்த்துப் பேச வேண்டியதில்லையே.

இன்னொரு காரணம் வரிசை. பரிந்துரை கிடைத்த நாளிலிருந்து 18 வாரத்துக்குள் சிகிச்சை தொடங்க வேண்டும் என்பது அங்குள்ள இலக்கு. 2023இல் இங்கிலாந்தின் காத்திருப்புப் பட்டியல் 70 லட்சத்துக்கும் மேல். பட்டியலுக்குள் நுழைவதும் எல்லாருக்கும் சுலபமில்லை. 2018இல் இங்கிலாந்தின் சுகாதாரச் சேவை 17 சிகிச்சைகளைக் குறிப்பிட்டு, இவற்றில் நாலை வழக்கமாகச் செய்யக் கூடாது, மற்றவற்றைக் குறிப்பிட்ட நிபந்தனைகள் பொருந்தினால் மட்டுமே செய்ய வேண்டும் என்று அறிவித்தது. அந்த 17இல் என்னென்ன இருக்கிறது என்று பார்த்தேன். குறட்டைக்கான அறுவை, மூல அறுவை, தீங்கில்லாத தோல் கட்டிகளை நீக்குவது, காலில் நரம்பு சுருட்டல், மார்பகத்தைச் சிறிதாக்குவது. 'எம்பாரஸிங் பாடிஸ்' நிகழ்ச்சியின் பொருளடக்கம் போலவே இருந்தது.

பட்டியல் போட்டவர்கள் கெட்டவர்கள் என்று நான் சொல்லவில்லை. பணம் அளவானது. புற்றுநோய்க்கும் மூலத்துக்கும் இடையில் ஒன்றைத் தள்ளிவைக்கச் சொன்னால் நானும் மூலத்தைத்தான் தள்ளிவைப்பேன். ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். தள்ளிவைக்கப்படும் நோய்களில் பலவும் யாரும் தெருவில் இறங்கிக் கேட்க முடியாத நோய்கள். சிறுநீரக நோயாளிகள் சங்கம் வைக்கலாம், பதாகை பிடிக்கலாம். பவுத்திரம் வந்தவர் என்ன பதாகை பிடிப்பார்? எந்த நோய்க்குக் குரல் இல்லையோ அதன் செலவை நோயாளியின் தலையில் கட்டுவது சுலபம்.

நம் ஊருக்கு வருகிறேன். மலேசியாவில் அரசாங்க கிளினிக்கில் குடிமக்களுக்கு ஒரு வெள்ளி. அரசாங்க ஆஸ்பத்திரியில் நிபுணரைப் பார்க்க ஐந்து வெள்ளி. 1982ஆம் ஆண்டுக் கட்டண ஆணையை வைத்துத்தான் இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது. அம்மாவின் கேள்விக்கு இங்கே பதில் சொல்வது ரொம்ப சுலபம்: அரசாங்கம் கட்டுகிறது. நானும் அன்றைக்கு அப்படித்தான் சொன்னேன். "நம்ம ஊர்ல இதெல்லாம் ஒரு வெள்ளிதாம்மா."

விளம்பர இடைவேளை ஓடிக்கொண்டிருந்தது. அம்மா திரையைப் பார்த்துக்கொண்டே, "எனக்கும் ஒன்னு கீழ எறங்கிக் கெடக்கு" என்றார்.

கர்ப்பப்பை இறக்கம். ஒன்பது வருடமாக. பிள்ளைப்பேறு, மாதவிடாய் நின்ற பிறகு தளரும் தசை, வருடக்கணக்காகப் பாரம் தூக்கியது என்று அதற்குக் காரணங்கள் உண்டு. அம்மாவுக்கு எல்லாமே இருந்தது. நாலு பிரசவம். காண்டா கட்டையில் இரண்டு பக்கமும் பால் வாளி. தோட்டம் போன பிறகு பள்ளிக்கூடத்தில் கூட்டித் துடைக்கும் வேலை, தண்ணீர் வாளி. நிற்கும்போது எதோ நழுவி விழுவதுபோல இருக்கும் என்றார். தும்மினால் நனைந்துவிடும். கோயிலுக்குப் போவதைக் குறைத்துக்கொண்டது முட்டி வலியால் என்று நாங்கள் எல்லாரும் நம்பிக்கொண்டிருந்தோம்.

கிளினிக்குக்குப் போகாமல் இல்லை. மூன்று முறை போயிருக்கிறார். எண் எடுத்து, உட்கார்ந்து, கூப்பிட்டதும் கவுண்டருக்குப் போனால், கண்ணாடிக்கு அந்தப் பக்கத்திலிருந்து சத்தமாக ஒரு கேள்வி வரும். "சாக்கிட் அப்பா, மாக்சிக்?" என்ன நோய், அம்மா? பின்னால் நாற்பது பேர் உட்கார்ந்திருப்பார்கள். அதில் எங்கள் தாமான்காரர்கள் பாதிப் பேர். அம்மா மூன்று முறையும் "சாக்கிட் பிங்காங்" என்றார். இடுப்பு வலி. உள்ளே ஒரு இளம் ஆண் டாக்டர். அவரிடமும் பிங்காங்தான். மூன்று முறையும் வலி மாத்திரையும் தேய்க்க எண்ணெயும் வாங்கிக்கொண்டு வந்தார். ஒவ்வொரு முறைக்கும் ஒரு வெள்ளி.

நான் கணக்குப் போட்டுப் பார்த்தேன். அரசாங்கம் டாக்டருக்கும் மருந்துக்கும் கட்டியது. அம்மா மூன்று வெள்ளி கட்டினார். அதோடு ஒன்பது வருடம் கட்டினார். அந்த ஒன்பது வருடம் எந்த ரசீதிலும் இல்லை.

பிறகு நடந்தது சின்ன விஷயம். பெண் டாக்டர் இருக்கும் நாளைக் கேட்டுப் போனோம். பரிந்துரைக் கடிதம், நிபுணர், சிலிக்கானில் செய்த ஒரு வளையம். உள்ளே வைத்துவிட்டால் கர்ப்பப்பையைத் தாங்கிப் பிடிக்கும். சில மாதத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டும். அறுவை சிகிச்சையும் உண்டு, அம்மா வேண்டாம் என்றுவிட்டார். வளையம் வைத்த மிஸ்ஸி தமிழ்ப் பெண். "அம்மா, இந்த வாரம் மட்டும் நீங்க நாலாவது ஆளு" என்றாராம். அம்மாவுக்கு வளையத்தைவிட அந்த வார்த்தைதான் அதிகம் உதவியது என்று நினைக்கிறேன். வரும் வழியில் அதையே இரண்டு தடவை சொன்னார்.

இதையெல்லாம் எழுதலாமா என்று அவரிடம் கேட்டேன். "எழுது. எம் பேரப் போடாத. தோட்டத்துப் பேரும் போடாத" என்றார்.

தனியார் மருத்துவக் காப்புறுதி வைத்திருப்பவர்கள் இந்த வரிசையிலிருந்து தப்பிவிட்டோம் என்று நினைக்கலாம். என்னிடமும் ஒரு மெடிக்கல் கார்டு இருக்கிறது. அம்மா விஷயத்துக்குப் பிறகுதான் அதன் ஒப்பந்தத்தை முழுதாகப் படித்தேன். முதல் 120 நாளுக்குப் பாதுகாப்பு கிடையாது என்று சில நோய்களைத் தனியாகப் பட்டியல் போட்டிருந்தது. ரத்த அழுத்தம், நீரிழிவு, இதய நோய் போன்றவற்றோடு குடலிறக்கம், மூலம், பவுத்திரம், விரைவீக்கம், பெண்களின் இனப்பெருக்க உறுப்பு நோய்கள். நம் நாட்டு ஒப்பந்தங்களில் வழக்கமாக வரும் பட்டியல்தான். இன்னும் கீழே போனால், எப்போதுமே கிடையாது என்று இன்னொரு பட்டியல். பால்வினை நோய், ஆண்மைக் குறைவு, மனநோய், அழகுக்கான அறுவை. ஏஜண்டு அண்ணனுக்குப் போன் போட்டுக் கேட்டேன். "எல்லாக் கம்பெனியும் இப்படித்தான் தங்கச்சி. உங்களுக்கு அதெல்லாம் வராது" என்றார்.

120 நாள் நிபந்தனைக்குக் காரணம் புரிகிறது. நோய் வந்த பிறகு கார்டு வாங்கி ஒரே மாதத்தில் அறுவை செய்துகொண்டு போனால் நிறுவனம் என்ன செய்யும்? எனக்கு உறுத்துவது வேறு. கார்டு வாங்குவதற்கு முன்பே இருந்த நோய்க்கும் பணம் தரமாட்டார்கள். என் அம்மா மாதிரி ஒருவர் கார்டு வைத்திருந்தார் என்று வைத்துக்கொள்வோம். பல வருடம் மறைத்து, ஒருநாள் தைரியம் வந்து, டாக்டரிடம் முதன்முறையாக உண்மையைச் சொல்கிறார்: "ஒம்பது வருசமா இருக்கு டாக்டர்." டாக்டர் அதை அப்படியே எழுதுகிறார். கார்டு வாங்கி ஐந்து வருடம்தான் ஆகியிருந்தால், அந்த ஒரு வரியே நிராகரிப்புக்குப் போதும். வெட்கப்பட்டு வாய் மூடியிருந்த காலம் முழுக்க அவருக்கு எதிரான சாட்சியாகிவிடும். வாயைத் திறந்ததற்கு அபராதம்.

2024 கடைசியில் பிரீமியம் ஏற்றம் பெரிய பிரச்சினையாகி, உயர்வை மூன்று வருடத்துக்குப் பரப்ப வேண்டும் என்று பேங்க் நெகாரா தலையிட்டது. எல்லாரும் எவ்வளவு கட்டுகிறோம் என்று பேசினார்கள். எதற்குக் கட்டுகிறோம், எது பட்டியலில் இல்லை என்று பேசியவர்கள் குறைவு. பட்டியலில் இருப்பதை வாய்விட்டுச் சொல்லவே கூசும்போது எப்படிப் பேசுவது?

அதனால்தான் இந்த நிகழ்ச்சிகளை முழுதாகத் திட்ட எனக்கு மனம் வரவில்லை. ஆனால் தொலைக்காட்சி ஒரு வாரத்துக்குச் சிலரைத்தான் காப்பாற்றும், அதுவும் பார்க்கச் சுவாரசியமான கட்டி உள்ளவர்களை. கர்ப்பப்பை வளையம் யாருக்கும் சுவாரசியமில்லை.

இதைத் தொலைக்காட்சி இல்லாமலும் செய்யலாம் என்பதற்கு இங்கேயே ஓர் உதாரணம் இருக்கிறது. கர்ப்பப்பைவாய்ப் புற்றுநோய்க்கான பாப் ஸ்மியர் சோதனை அரசாங்க கிளினிக்குகளில் இலவசம். இலவசமாக இருந்தும் பல பெண்கள் போகவில்லை. மேசையில் ஏறிப் படுத்துக் காலை அகட்ட வேண்டும் என்பதே பலருக்குத் தடையாக இருந்தது. 2018இல் மலாயாப் பல்கலைக்கழகமும் ஓர் ஆஸ்திரேலிய அமைப்பும் சேர்ந்து 'ரோஸ்' என்ற திட்டத்தைத் தொடங்கின. திரைக்குப் பின்னால் போய்ப் பெண்ணே ஒரு குச்சியால் மாதிரி எடுத்துக் கொடுத்துவிடலாம். முடிவு கைத்தொலைபேசிக்கு வரும். அதில் குறைக்கப்பட்டது கட்டணம் அல்ல, கூச்சம்.

கவுண்டரிலும் அதைச் செய்யலாம். "சாக்கிட் அப்பா?" என்று கூவுவதற்குப் பதில் ஒரு சின்னச் சீட்டு. மலாய், சீனம், தமிழ் மூன்றிலும் பத்து வரி. கடைசி வரி: 'உள்ளே போய்ச் சொல்கிறேன், பெண் டாக்டர் வேண்டும்.' ஒரு கோடு கிழித்துக் கொடுத்தால் போதும். இதற்கு ஆகும் செலவு ஒரு தாளும் ஒரு பேனாவும். அதை யார் கட்டுவது என்று நாடாளுமன்றத்தில் விவாதிக்க வேண்டியதில்லை.