மிதக்கும் திண்ணை... முக்கால் அங்குலம்!

அமெரிக்காவின் மின்னசோட்டாவுக்கு ‘பத்தாயிரம் ஏரிகளின் நாடு’ என்று பட்டப்பெயர். அதுகூட அடக்கம்தான். பத்து ஏக்கரும் அதற்கு மேலும் உள்ள ஏரிகளே அங்கு 11,842!

இங்குள்ள ரிச்மண்ட் என்ற சிற்றூரில், 1950-களின் தொடக்கத்தில் ஆம்ப்ரோஸ் வீரஸ் என்ற விவசாயி இரும்பு பீப்பாய்களை வரிசையாகப் பற்றவைத்து, மேலே மரத்தளம் அடித்து ஏரியில் விட்டார். அப்படி வந்ததுதான் இன்றைய பாண்டூன் படகு. தாத்தா, பாட்டி, நாய்க்குட்டி வரை ஏறி உட்காரலாம். மிதக்கும் திண்ணை என்றே சொல்லலாம்.

சின்ன பாண்டூனில் சிக்கலே, பின்னால் தொங்கும் அவுட்போர்டு மோட்டாரின் உயரம்தான். புரொப்பல்லருக்குச் சற்று மேலே படுக்கைவாட்டில் ஒரு தகடு இருக்கும். படகு ஓடும்போது அது நீர்மட்டத்தை ஒட்டி இருக்க வேண்டும். தாழ்ந்தால் தண்ணீர் இழுத்துப் பிடிக்கும். வேகம் போகும், பெட்ரோலும் போகும். உயர்ந்தாலோ புரொப்பல்லர் காற்றை இழுக்கும். இன்ஜின் அலறும், படகு நகராது. குளிர்விக்கும் நீரை உறிஞ்சும் துளைகளும் வெளியே வந்துவிட்டால், நடு ஏரியில் இன்ஜின் கொதித்து நின்றுவிடும். குழந்தைகளோடு போனவர்களுக்கு அது விளையாட்டல்ல.

காலிப் படகில் சரியாக ஓடுவதை நம்ப முடியாது. வேடிக்கை பார்க்க எல்லோரும் முன்பக்கம் போனால் பின்பக்கம் தூக்கிக்கொள்ளும். அதனால் வழக்கமான கூட்டத்தை ஏற்றித்தான் சோதிக்க வேண்டும். பல மோட்டார்களில் போல்ட் துளைகளுக்கு இடையே முக்கால் அங்குலம்தான். ஒரு துளை மாற்றி மாட்டினாலே அலறல் அடங்கிவிடுவதுண்டு.