விருந்தாளிக்கு ஒரு வைஃபை, வீட்டுக்கு ஒரு வைஃபை

ஈஸ்ட்ஹாம், லண்டன்

அன்புள்ள தம்பிக்கு,

அம்மாவின் கால் வீக்கம் வற்றிவிட்டது என்று மச்சாள் சொன்னா, கேட்க ஆறுதலாக இருந்தது. மருந்தை மட்டும் இடையில் நிறுத்த விடாதே.

பைபர் இணைப்புக்கு எழுதிக் கொடுத்துவிட்டாய் என்றும், பின்பக்கத்து அறைகள் இரண்டையும் உல்லாசப் பயணிகளுக்கு விடப்போகிறாய் என்றும் அறிந்து சந்தோஷம். பாசிக்குடாவின் பெரிய ஹோட்டல்களுக்குக் கட்டுபடியாகாத ஆட்கள், அந்தக் கடலில் இறங்க வேண்டும் என்ற ஆசையில் கல்குடாப் பக்கம் வீடு தேடி வருவார்கள். பையை இறக்கி வைக்கும் முன்னரே வைஃபை பாஸ்வேர்டைத்தான் கேட்பார்கள். அதனால்தான் “எந்த ரவுட்டர் வாங்குவது அக்கா?” என்ற உன் கேள்விக்குப் போனில் பதில் சொல்லி முடிக்காமல் ஆறுதலாக எழுதுகிறேன். மச்சாளும் இதை வாசிக்கட்டும். நீ வேலைக்குப் போன பிறகு வருகிறவர்களைக் கவனிக்கப் போவது அவதானே.

பெட்டிக்கு நீ கொடுக்கிற காசைவிட, அதைப் பூட்டிய அன்று அதன் முன்னால் இருந்து செலவழிக்கிற அரைமணி நேரம் பெரிது. விலை கூடிய ரவுட்டரை வாங்கி, தொழிற்சாலையில் இருந்து வந்தபடியே விட்டால், மலிவான ஒன்றை ஒழுங்காகச் சீர்செய்து வைத்திருக்கிறவனுக்கு இருக்கிற பாதுகாப்பு உனக்கு இருக்காது.

வாங்குகிற கதையை முதலில் முடித்துவிடுவோம். பைபர் கொம்பனிக்காரர் ஒரு பெட்டி தருவார்கள், அதிலேயே வைஃபை இருக்கும். முன் விறாந்தைக்கும் ஹோலுக்கும் அது போதும். பின் அறைகளுக்குப் போகாது. நம் அப்பா கட்டின சுவர் எவ்வளவு தடிப்பு என்று உனக்குத் தெரியும். 5 கிகாஹேர்ட்ஸ் அலை வேகமானது, ஆனால் சுவரில் சோர்ந்துபோகும். 2.4 கிகாஹேர்ட்ஸ் வேகம் குறைந்தது, சுவரைத் தாண்டிப் போகும். ஆனால் அதில் ஒன்றோடொன்று முட்டாத சனல்கள் மூன்றுதான்: 1, 6, 11. சுற்றிவர விடுதிகளும் வீடுகளும் இருக்கிற இடத்தில் எல்லோரும் அந்த மூன்றுக்குள்தான் நெரிபடுவார்கள். ஆகவே இரண்டு அலைவரிசையும் உள்ள ரவுட்டர்தான் வேண்டும்.

கடையில் ஆறு அன்டெனா வைத்த பெட்டியைக் காட்டி “இது கடற்கரை வரைக்கும் அடிக்கும்” என்பார்கள். நம்பாதே. ரவுட்டர் எவ்வளவு பலமாகக் கத்தினாலும், போன் திருப்பிச் சொல்வது அதற்குக் கேட்க வேண்டும். போனின் சின்ன அன்டெனாவுக்கு அந்தப் பலம் கிடையாது. பெட்டியில் போட்டிருக்கும் எண்ணையும் பார்த்து மயங்காதே. ‘ஏசி1200’ என்றால் ஒரு அலைவரிசையில் 300 மெகாபிட், மற்றதில் 867, இரண்டையும் கூட்டி முழு எண்ணாக்கிப் போட்டிருக்கிறார்கள். எந்தப் போனுக்கும் அந்த 1200 கிடைக்காது. நீ கொம்பனிக்குக் கட்டுகிற பக்கேஜின் வேகத்துக்கு மேல் எந்த ரவுட்டராலும் தரவும் முடியாது.

நான் பார்க்கச் சொல்வது வேறு. வைஃபை 6 என்ற சான்றிதழ் உள்ளதாக எடு. அந்தச் சான்றிதழுக்கு டபிள்யூபிஏ3 என்ற புதிய பூட்டு கட்டாயம். விருந்தாளிகளுக்குத் தனி வைஃபை போடும் வசதி இருக்க வேண்டும். அது எப்படியும் வேண்டும், ஏன் என்று பிறகு சொல்கிறேன். தானாகவே அப்டேட் ஆக வேண்டும். அந்த மாதிரிக்கு எத்தனை வருடம் வரை அப்டேட் தருவார்கள் என்று தயாரித்தவர்களின் தளத்தில் தேடிப் பார். இங்கே பிரித்தானியாவில் 2024 ஏப்ரல் 29இல் இருந்து ஒரு சட்டம் நடைமுறையில் இருக்கிறது. எல்லாப் பெட்டிக்கும் ஒரே மாதிரி ‘அட்மின்’, ‘12345’ என்று பாஸ்வேர்ட் வைத்து விற்க முடியாது, எவ்வளவு காலத்துக்குப் பாதுகாப்பு அப்டேட் தருவோம் என்பதையும் சொல்லியே ஆக வேண்டும். அதே கேள்வியை நீ வாழைச்சேனையிலோ மட்டக்களப்பிலோ கடைக்காரரிடம் கேள். தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவின் அனுமதி பெற்ற பொருளா என்றும் கேள். பழைய ரவுட்டரைப் பாதி விலைக்குத் தருகிறேன் என்று யாராவது வந்தால் வேண்டாம். அப்டேட் நின்றுபோன பெட்டியைத்தான் பெரும்பாலும் தள்ளிவிடுவார்கள்.

பின் அறைகளுக்கு ‘ரிப்பீட்டர்’ வாங்கச் சொல்வார்கள். மலிவானது, ஆனால் ஒரே அலையில் வாங்கி அதே அலையில் திருப்பி அனுப்புவதால் வேகம் ஏறக்குறையப் பாதியாகும். அதைவிட ஹோலில் இருந்து சீலிங்குக்கு மேலால் ஒரு நெட்வேர்க் கேபிள் இழுத்து, பின்பக்கத்தில் இன்னொரு அக்சஸ் பொயின்ட் போடு. வீட்டு வைஃபை, விருந்தாளி வைஃபை இரண்டையும் அங்கே கொடுக்கக்கூடியதாக, ரவுட்டரோடு சேர்ந்து வேலை செய்யும் அதே இனத்தில் வாங்கு. கேபிள் வீட்டுக்குள்ளேயே போகட்டும், முற்றத்தால் தொங்கவிடாதே. ஐப்பசி, கார்த்திகையில் நம் பக்கத்து மின்னல் எப்படி என்று சொல்லத் தேவையில்லை. முன்பு அது ரெலிபோன் செம்புக் கம்பி வழியாக வந்து மோடத்தை எரித்தது. பைபருக்குள் இருப்பது கண்ணாடி, அதில் கறண்ட் ஓடாது. ஆனால் பிளக்கால் வரும். இடி தொடங்கினால் அம்மா டிவி பிளக்கை இழுக்கிறது போல ரவுட்டர் பிளக்கையும் இழுக்கச் சொல். ரவுட்டரைக் கடல் பக்கத்து யன்னலில் வைக்காதே. உப்புக்காற்று கேபிள் செருகும் துளைக்குள் இருக்கிற சின்னச் சின்ன உலோகப் பற்களைத் தின்னும். வீட்டின் நடுவில், தலை உயரத்தில், இரும்பு அலுமாரிக்கும் பிரிட்ஜுக்கும் தள்ளி வை.

கறண்ட் போனால் பைபர் பெட்டியும் ரவுட்டரும் இரண்டுமே நின்றுவிடும். 2022 பங்குனி கடைசியில் 13 மணித்தியாலம் கறண்ட் வெட்டின காலத்தை நினைத்தால், ரவுட்டருக்கென்று விற்கிற சின்ன யூபிஎஸ் ஒன்று வாங்குவது வீண் செலவு இல்லை. வாங்குமுன் இரண்டு பெட்டியின் அடப்டரையும் பார். ஒன்று 9 வோல்ட், மற்றது 12 வோல்ட் என்று இருக்கலாம். மாறிக் கொடுத்தால் பெட்டி பழுதாகலாம்.

இனி அந்த அரைமணி நேரம்.

ரவுட்டருக்கு இரண்டு பாஸ்வேர்ட் உண்டு. ஒன்று வைஃபையில் சேர, மற்றது ரவுட்டரின் உள்ளே போய் அதன் செட்டிங்ஸை மாற்ற. நிறையப் பேர் முதலாவதை மட்டும் மாற்றிவிட்டு இருந்துவிடுகிறார்கள். பிரவுசரில் 192.168.1.1 அல்லது 192.168.0.1 என்று அடித்தால் வருகிற பக்கம்தான் இரண்டாவதன் வாசல். அதற்குப் பழைய ‘அட்மின்’ பாஸ்வேர்டே இருந்தால், உன் வைஃபையில் சேர்ந்த எந்த ஆளும் உன் ரவுட்டருக்கு எஜமான். 2016இல் ‘மிராய்’ என்ற வைரஸ் உலகம் முழுவதும் கமராக்களையும் ரவுட்டர்களையும் பிடித்தது. அதன் கையில் இருந்தது தொழிற்சாலையில் வைத்த பயனர் பெயர், பாஸ்வேர்ட் என்று 60 சோடி அளவில் ஒரு பட்டியல் மட்டுமே. பிரேசிலில் 2011இல் இருந்து 45 லட்சம் அளவு மோடம்களுக்குள் கள்ளர்கள் புகுந்து, தளத்தின் பெயருக்கு முகவரி காட்டும் செட்டிங்கை மாற்றினார்கள். வங்கித் தளத்தின் பெயரைச் சரியாக அடித்தவர்கள்கூடக் கள்ளப் பக்கத்துக்குப் போனார்கள். அவர்களுடைய கணினியில் எந்தக் கோளாறும் இல்லை, ரவுட்டர் பொய் சொன்னது. மச்சாள் போனில் வங்கிக் கணக்குப் பார்க்கிறா என்பதால் இதைச் சொல்கிறேன்.

வைஃபை பாஸ்வேர்டுக்கு வருவோம். நம் ஊரில் பாதிப் பேர் வைத்திருப்பது தங்கள் போன் இலக்கம். பத்து இலக்கம், நீளம்தானே என்று நினைக்கிறார்கள். கணக்கைப் பார். இலங்கையில் கைபேசி இலக்கம் 070, 071, 072, 074, 075, 076, 077, 078 என்று ஏதாவது ஒன்றில் தொடங்கும், மிச்சம் ஏழு இலக்கம். மொத்தமே 8 கோடி. ரவுட்டரும் போனும் கைகுலுக்கும் நொடியை வீதியில் நின்று ஒருவன் பதிவு செய்துகொண்டு போனால், பிறகு உன் வீட்டுப் பக்கம் வரத் தேவையில்லை. விளையாட்டுக் கணினியில் இருக்கிற நல்ல கிராபிக்ஸ் கார்ட் ஒன்று அந்த 8 கோடியையும் சில நிமிடத்தில் அடித்துப் பார்த்துவிடும். ஆகவே இலக்கம் வேண்டாம், பிள்ளைகளின் பெயர் வேண்டாம், பிறந்த திகதி வேண்டாம், ஊர்ப் பெயரும் கோயில் பெயரும் வேண்டாம். ஒன்றோடொன்று சம்பந்தமில்லாத நான்கு தமிழ்ச் சொற்களை ஆங்கில எழுத்தில் சேர்த்து எழுது. மருமகளிடம் கேள், கண்ணில் படுகிற நான்கு சாமான்களின் பெயரைச் சொல்வாள். வைஃபையின் பெயரிலும் உன் பெயரோ வீட்டு இலக்கமோ தெரிய வேண்டாம்.

பூட்டின் வகையை டபிள்யூபிஏ3 என்று வை. அம்மாவின் பழைய போன் சேரவில்லை என்றால் டபிள்யூபிஏ2, டபிள்யூபிஏ3 கலந்தது என்று இருக்கும், அதைத் தெரிவு செய். டபிள்யூஇபி என்று பழைய பூட்டு ஒன்று இன்னும் சில பெட்டிகளில் கிடக்கும். 2007இல் ஜேர்மனியில் டார்ம்ஸ்டாட் ஆய்வாளர்கள் அதை ஒரு நிமிடத்துக்குள் உடைத்துக் காட்டினார்கள். தொடவே தொடாதே.

பாஸ்வேர்ட் அடிக்காமலே வைஃபையில் சேர்க்கிற டபிள்யூபிஎஸ் என்ற பொத்தான் வசதியை நிறுத்திவிடு. அதற்கு எட்டு இலக்கப் பின் நம்பர் ஒன்று உண்டு. எட்டு இலக்கம் என்றால் 10 கோடி வாய்ப்பு, பயமில்லை என்று தோன்றும். ஆனால் ரவுட்டர் முதல் நான்கு இலக்கத்தைத் தனியாகப் பார்த்து சரி, பிழை சொல்கிறது. அது 10,000 வாய்ப்புத்தான். பிறகு மிச்ச நான்கு. அதிலும் கடைசி இலக்கம் மற்றவற்றில் இருந்து கணக்குப் போட்டு எடுப்பது, ஆகவே 1,000. கூட்டினால் 11,000. ஸ்டெபான் வீபொக் என்ற ஆய்வாளர் 2011 மார்கழியில் இதை வெளியிட்டார். கொம்பனிக்காரரின் பெட்டிகள் சிலவற்றில் அந்த வசதி இன்றைக்கும் திறந்தபடி வருகிறது. வெளியில் இருந்து ரவுட்டரைக் கட்டுப்படுத்துகிற ‘ரிமோட் மனேஜ்மென்ட்’ இருந்தால் அதையும் நிறுத்து. வைஃபை பெயரை மறைத்து வைக்கச் சொல்கிறவர்கள் இருக்கிறார்கள், அதில் ஒரு பிரயோசனமும் இல்லை.

இப்போது விருந்தாளிகள். வருகிறவன் நல்லவனாகவே இருந்தாலும், அவனுடைய போனில் என்ன ஏறியிருக்கிறது என்று அவனுக்கே தெரியாது. மருமகனின் கணினியும், நீ பூட்டின கமராவின் பெட்டியும், மச்சாளின் போனும் இருக்கிற அதே வலையில் அவனை விடக்கூடாது. ‘கெஸ்ட் நெட்வேர்க்’ என்று செட்டிங்ஸில் இருக்கும். அதைத் திறந்து, வேறு பெயர், வேறு பாஸ்வேர்ட் கொடு. வேகத்துக்கும் ஒரு அளவு வை, இல்லாவிட்டால் ஒருவர் இரவு முழுக்கப் படம் பார்த்து மாதத்து டேட்டாவை முடித்துவிடுவார், பிள்ளைகளின் சூம் வகுப்பு நின்றுபோகும். பிறகு ஒரு சோதனை செய். உன் போனை விருந்தாளி வைஃபையில் சேர்த்து, ரவுட்டரின் பக்கத்தைத் திறந்து பார். திறக்கக்கூடாது. திறந்தால் பிரிப்பு நடக்கவில்லை என்று அர்த்தம். கொம்பனிப் பெட்டியின் வைஃபையை நிறுத்திவிடும்படி பூட்ட வருகிற தம்பியிடம் கேள். எல்லாம் உன் ரவுட்டர் வழியாகவே போகட்டும். விருந்தாளி வைஃபையின் பாஸ்வேர்டைக் கியூஆர் படமாக அச்சடித்து அறையில் வை, ஆட்கள் மாறுகிறபோது பாஸ்வேர்டையும் மாற்று.

இதில் நான் கண்டிப்பாக நிற்பதற்குக் காரணம் இருக்கிறது. இணைப்பு உன் பெயரில், உன் அடையாள அட்டை இலக்கத்தில் பதிவாகிறது. அறையில் தங்கினவன் அந்த வழியாக ஒரு பிழையான வேலை செய்துவிட்டுப் போனால், வெளியில் தெரிகிற முகவரி உன்னுடையது. 2007இன் 24ஆம் இலக்கக் கணினிக் குற்றச் சட்டம் இருக்கிறது, 2024இல் நிகழ்நிலைக் காப்புச் சட்டமும் வந்துவிட்டது. விசாரிக்க வருகிறவர்கள் முதலில் தட்டுவது உன் வாசலைத்தான். யார் எந்தத் திகதியில் தங்கினார்கள் என்று கடவுச்சீட்டு இலக்கத்தோடு ஒரு கொப்பியில் எழுதி வை. நம் பக்கத்து ஆட்கள் விசாரணை என்ற சொல்லுக்கே எவ்வளவு பட்டிருக்கிறார்கள் என்று நமக்குத் தெரியும். அம்மாவை இந்த வயதில் அதற்கு உள்ளாக்காதே.

ரவுட்டர் வாங்கினவுடன் அதன் மாதிரி இலக்கத்தை எனக்கு அனுப்பு, அப்டேட் எதுவரை வரும் என்று நான் பார்த்துச் சொல்கிறேன். அடியில் இருக்கிற ஸ்டிக்கரைப் படம் எடுத்துக் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போட வேண்டாம். புதிய பாஸ்வேர்டுகளை ஒரு கடதாசியில் எழுதி அம்மாவின் அலுமாரிக்குள், காணி உறுதிகளோடு வைக்கச் சொல். பூட்ட வருகிற நாளை முன்கூட்டியே அறிவித்தால், இங்கே நான் காலையில் லீவு எடுத்து வீடியோவில் கூட இருக்கிறேன். விருந்தாளி வைஃபைச் சோதனையை இருவரும் சேர்ந்தே செய்துவிடலாம்.

அன்புடன்,
அக்கா