நாலாவது ‘டக்’

கல்வராயன் மலையிலுள்ள வெள்ளிமலையில் ஒரு டீக்கடை முன்னால் காரை நிறுத்தி, ஹேண்ட் பிரேக்கை இழுத்துவிட்டு இறங்கினேன். வண்டி ஓரடி பின்னால் நகர்ந்தது. கடைக்காரர் பதறவில்லை. வாசலில் கிடந்த கருங்கல்லைச் சக்கரத்துக்கு அண்டை கொடுத்துவிட்டு, “சர்க்கரை தூக்கலா?” என்றார். மலையில் இதெல்லாம் ஒரு சேதியே இல்லை. எனக்குத்தான் எரிச்சல், ஒரு மாதம் முன்புதான் வேறோர் ஊர்ப் பட்டறையில் ஹேண்ட் பிரேக்கை டைட் வைத்து வாங்கியிருந்தேன்.

கரியாலூர், கோமுகி அணை, கச்சிராயபாளையம் என்று இறங்கி, கள்ளக்குறிச்சி தாண்டித் தியாகதுருகம் வந்தேன். கல்வராயன் மலையில் மரவள்ளிக் கிழங்கு ஏற்றும் பிக்கப் ஓட்டுநர் ஒருவர் அடையாளம் சொன்ன பட்டறை அது. நிமிர்ந்தால் மலைக்கோட்டை தெரிகிறது.

மெக்கானிக் கேள்வி எதுவும் கேட்காமல் லிவரை இழுத்தார். டக், டக், டக், டக். அதற்குமேல் வரவில்லை.

“நாலுலயே நின்னுடுச்சு. ஆனா வண்டி நிக்கல. அப்ப கோளாறு கேபிள்ல இல்ல சார், உள்ள இருக்கு.”

முன்சக்கரங்களுக்குக் கட்டை போட்டு, ஹேண்ட் பிரேக்கை விடுவித்து, பின்பக்கத்தை ஜாக்கியில் தூக்கி ஸ்டாண்டில் உட்கார வைத்தார்கள். வெறும் ஜாக்கியை நம்பி யாரும் அடியில் கை விடவில்லை. இடப்பக்க டிரம் துருவேறிக் கவ்விக்கொண்டிருந்தது. சுற்றிலும் சுத்தியலால் தட்டித் தட்டிக் கழற்றிய பையன், உள்ளே படிந்த கரித்தூளை வாயால் ஊதப் போனான். “ஊதாதடா!” என்று ஓர் அதட்டல். ஈரத்துணி வந்தது. பழைய பிரேக் லைனிங்குகளில் ஆஸ்பெஸ்டாஸ் கலந்திருக்கலாம். அந்தத் தூள் நுரையீரலுக்குப் போனால் திரும்பாது. பல பட்டறைகளில் இன்னும் காற்றுக் குழாயை வைத்துத்தான் அடிக்கிறார்கள்.

லைனிங் கண்ணாடிபோல் மின்னியது. கேபிளை அளவுமீறி முறுக்கியதால் பிரேக் ஷூ முழுதாகப் பின்வாங்காமல் டிரம்மை உரசிக்கொண்டே ஓடியிருக்கிறது. அந்தச் சூட்டில் லைனிங்கின் முகம் இறுகிவிட்டது. வலப்பக்கம் இன்னும் மோசம். வீல் சிலிண்டரின் ரப்பர் மூடியை நெம்பியதும் பிரேக் ஆயில் சொட்டியது. லைனிங் எண்ணெயில் ஊறிக் கிடந்தது. ஆயில் குறையும்போதெல்லாம், எங்கே போகிறது என்று கேட்காமல் ஊற்றிக்கொண்டிருந்தவன் நான்தான்.

என் காரில் பெடலை மிதித்தால் எண்ணெய் வழியாகவும், லிவரை இழுத்தால் கம்பி வழியாகவும் விசை போகிறது. பின்சக்கரத்தில் இரண்டும் சேருமிடம் ஒரே ஷூ ஜோடிதான். லூயி ரெனோ 1902-இல் காப்புரிமை பெற்ற டிரம் பிரேக்கின் அடிப்படை இன்றும் மாறவில்லை. ஷூ கெட்டால் கம்பியை எவ்வளவு முறுக்கினாலும் கைக்குத்தான் இறுக்கம், சக்கரத்துக்கு இல்லை.

ஷூக்கள் இரண்டு பக்கமும் ஜோடியாக மாறின; ஒரு பக்கம் மட்டும் மாற்றினால் வண்டி இழுக்குமாம். வீல் சிலிண்டர் மாற்றி, பழைய ஆயிலை முழுக்க வடித்து, நிப்பிள் வழியாகக் காற்றை வெளியேற்றினார்கள். பிரேக் ஆயில் ஈரத்தை உறிஞ்சும். டாட் 3 ஆயில் புதிதில் குறைந்தது 205 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்காது. ஈரமேறியபின் அந்த வரம்பு 140-க்கு இறங்கிவிடும். மலையிறக்கத்தில் பிரேக்கை மிதித்தபடியே வந்தால், அந்தச் சூட்டில் குமிழி கட்டி, பெடல் பொத்தென்று உள்ளே போகும். ஏறிய கியரிலேயே இறங்கு என்று மலை ஓட்டுநர்கள் சொல்வது இதனால்தான்.

பிறகுதான் அட்ஜஸ்ட்மென்ட். கேபிளைத் தளர்த்திவிட்டு, ஷூக்களை விரிக்கும் பல்சக்கரத்தை ஸ்குரூடிரைவரால் நெம்பி, டிரம் லேசாக உரசும்வரை கொண்டுபோய், தடையின்றிச் சுற்றுமளவு பின்னுக்குத் திருப்பினார். பெடலைப் பலமுறை மிதிக்கச் சொன்னார். கேபிள் நட்டைக் கடைசியில்தான் தொட்டார். இப்போது ஆறாவது டக்கில் பிடித்தது.

“நாலுல இருந்தது ஆறாயிடுச்சே?” என்றேன்.

“இந்த வண்டிக்கு ஆறுதான் கணக்கு. இறக்கிட்டா சக்கரம் கையால சுத்தணும், சுத்துது பாருங்க.”

மறுவாரம் அதே டீக்கடை, அதே சரிவு. வண்டி அசையவில்லை. கடைக்காரர் பழக்கத்தில் கல்லைத் தூக்கி வந்து வைத்தார். நானும் தடுக்கவில்லை.

உங்கள் வண்டியின் ஹேண்ட் பிரேக் சரியில்லை என்றால், பின் டிரம்மைக் கழற்றிக் காட்டச் சொல்லுங்கள். கேபிளை மட்டும் முறுக்கிக் கொடுத்தால் சாவியை வாங்காதீர்கள்.