ஆறு மாதத்துக்குள் பார்க்க வேண்டியது

ஆண் பிள்ளை பிறந்த வீட்டில் நிறை எவ்வளவு, நிறம் யாருடையது, மூக்கு வாப்பாவுடையதா மூத்தப்பாவுடையதா என்றெல்லாம் பேசுவோம். விதைகள் இரண்டும் பைக்குள் இறங்கியிருக்கின்றனவா என்று ஒருவரும் கேட்பதில்லை. காரணம் வெட்கம். குளிப்பு, துடக்கு பற்றிய சட்டங்களைப் படிப்பிக்கும்போது உடம்பைப் பற்றி ஒளிவுமறைவின்றிப் பேசிப் பழகியவன் நான். ஆகவே தாய்மாரோடு இதையும் நேராகவே பேச விரும்புகிறேன்.

எமது குடும்பத்துத் தங்கை ஒருத்தியின் மகனுக்கு ஆறு வயதில் சுன்னத்துச் செய்யப் போனபோதுதான், விதைப்பையின் ஒரு பக்கம் வெறுமையாக இருப்பதை டொக்டர் கண்டார். “வளர வளர இறங்கும்” என்று வீட்டுப் பெரியவர்கள் முன்பே சொல்லியிருந்தார்களாம். போதாக்குறைக்கு, “வயிற்றில் பிள்ளையிருக்கும்போது நீ எதைச் சாப்பிட்டாயோ” என்ற பழியும் அவள் தலையில் விழுந்தது. அந்த நாட்களில் டொக்டரிடம் கேட்டும், பின்னர் வாசித்தும் நான் அறிந்துகொண்டதை இங்கு சொல்கிறேன்.

விதைகள் முதலில் உருவாவது பைக்குள் அல்ல. சிசுவின் வயிற்றுக்குள், சிறுநீரகங்களுக்கு அருகில். விதையின் கீழ்முனையிலிருந்து கவட்டுப் பக்கம் வரை மெதுமையான ஓர் இழையம் செல்கிறது. 1762ஆம் ஆண்டில் ஜோன் ஹண்டர் என்ற ஸ்கொட்லாந்து சத்திரசிகிச்சை வைத்தியர் இதை விவரித்து, இலத்தீன் மொழியில் சுக்கான் என்று பொருள்படும் பெயரை இட்டார். தோணிக்கு வழிகாட்டும் அதே சுக்கான்தான்.

கர்ப்பத்தின் எட்டாம் வாரம் முதல் பதினைந்தாம் வாரம் வரை இந்த இழையம் தடித்துப் பருக்கிறது. அதைப் பருக்கச் செய்யும் ஓமோனை விதையே சுரக்கிறது. சிசுவின் உடல் நீண்டு வளர, தடித்த இழையம் நங்கூரம் போல விதையைக் கவட்டருகே பிடித்துவைக்கிறது. அந்த ஓமோன் இல்லாத எலிகளில் விதைகள் வயிற்றுக்குள்ளேயே தங்கிவிட்டதை 1999இல் ஆய்வாளர்கள் கண்டனர். பின்னர், ஏறத்தாழ 25 முதல் 35 வாரங்களுக்குள், இழையம் கவட்டு வழியாகப் பையை நோக்கி நகர, விதையும் பின்தொடர்கிறது. வேலை முடிந்ததும் இழையம் சுருங்கிவிடுகிறது.

யானைக்கு விதைகள் வயிற்றுக்குள்ளேயே இருக்கின்றன. அதற்கு அது குறையல்ல. மனிதனுக்கோ உடம்புச் சூட்டை விடச் சில பாகை குறைந்த இடம் வேண்டும். சூட்டில் நீண்டகாலம் இருந்தால் விந்தை உண்டாக்கும் கலங்கள் குறையும். பிற்காலத்தில் பிள்ளைப்பேறு பாதிக்கப்படலாம். புற்றுநோய் ஏற்படும் வாய்ப்பும் கூடும்.

நிறைமாதத்தில் பிறக்கும் ஆண் குழந்தைகளில் நூற்றுக்கு மூவர் அளவில் இக்குறை காணப்படுகிறது. இரண்டாவது கட்டம் முடியுமுன் பிறந்துவிடுவதால், குறைமாதப் பிள்ளைகளில் இது நூற்றுக்கு முப்பது வரை இருக்கலாம். இவர்களில் பெரும்பாலோருக்கு முதல் சில மாதங்களில் தானாக இறங்கிவிடும். ஆறு மாதம் கடந்தபின் இறங்குவது அரிது. வழிகாட்டிய இழையத்தின் காலம் முடிந்துவிடுகிறது. “வளர வளர இறங்கும்” என்ற பேச்சு பிழைப்பது இங்கேதான். எண்ணெய் தடவி உருவுவதாலும் பயனில்லை.

ஆகவே தாய்மாரே, இளஞ்சூட்டு நீரில் குளிப்பாட்டும்போது பிள்ளை அமைதியாக இருக்கையில் பாருங்கள். குளிரிலும் அழுகையிலும் விதைகள் மேலே இழுபடுவதுண்டு. சூட்டில் மீண்டும் இறங்கினால் பயப்பட வேண்டியதில்லை, ஆனால் கிளினிக்கில் சொல்லிவையுங்கள். ஒரு பக்கம் எப்போதும் வெறுமையாக இருந்தால் மருத்துவ மாதுவிடம் காட்டுங்கள். இரண்டு பக்கமும் வெறுமையென்றால் தாமதியாது டொக்டரிடம் கொண்டுசெல்லுங்கள். ஆறு மாதத்துக்குப் பின், ஒன்றரை வயதுக்குள் செய்யும் சத்திரசிகிச்சையே சிறந்தது. சுன்னத்து வரை காத்திருந்தால் அந்தக் காலம் கடந்துவிடக்கூடும்.

எங்கள் தங்கையின் மகனுக்குச் சத்திரசிகிச்சை நடந்தது. பிள்ளை நலமாக இருக்கிறான். ஆனால் நாலரை வருடம் பிந்திவிட்டது. பெரும்பாலான பிள்ளைகளில் இதற்குக் காரணம் இன்னதென்று கண்டறிய முடிவதில்லை என்று டொக்டர் விளக்கியபோதுதான் அவள் மனம் ஆறியது. தாயைக் குறை சொல்லும் மாமிமாரும் மச்சிமாரும் இதை வாசிக்க வேண்டும். பழி சொல்லப் போகும் நேரத்தில் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு அவளோடு கிளினிக்குக்குப் போவது எவ்வளவோ மேல்.