பிடிக்காத பக்கம்

அப்பா விட்டுப்போனவற்றில் விற்க மனம் வராதது அம்பாசிடர் மட்டும்தான். மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு மூன்றாம் வரிசையை அடியொற்றி 1957 முதல் உத்தர்பாராவில் தயாராகி, 2014இல் நின்றுபோன வண்டி. வங்கியில் பிறர் கணக்கைச் சரிபார்த்துவிட்டு, ஞாயிற்றுக்கிழமைகளில் இதன் சக்கரங்களைக் கழற்றுவது பழக்கமாகியிருந்தது. ஆங்கிலக் கையேடு ஒன்று கைவசம் இருந்தது. ஆங்கில இலக்கியம் படித்தவனுக்குக் கையேட்டின் மீது நம்பிக்கை கொஞ்சம் அதிகம்.

பிரேக்கை மிதித்தால் வண்டி வலப்பக்கம் இழுத்தது. வலது முன்சக்கரத்தை மூன்று முறை பிரித்தேன். ஷூ சரியாகவே உட்கார்ந்திருந்தது. ரிட்டர்ன் ஸ்பிரிங்கை மாற்றினேன், அட்ஜஸ்டரைத் தளர்த்தினேன். இழுப்புக் குறைந்த மாதிரி இருந்தது. உண்மையில் குறைந்தது பிரேக்.

ஆடித்தபசு முடிந்த ஞாயிறு, ராஜபாளையம் சாலையில் ஒரு ஆடு குறுக்கே வந்தது. மிதித்தேன். வண்டி எதிரே வந்த பஸ்ஸை நோக்கிப் போயிற்று. முன்சீட்டில் ஏழு வயது மகள். பஸ் டிரைவர் மண்ணில் இறக்கியதால் பிழைத்தோம். வீட்டில் ஆட்டைப் பற்றி மட்டும் சொன்னேன்.

மெக்கானிக் அண்ணாச்சி வலது சக்கரத்தைத் தொடவே இல்லை.

"தம்பி, எந்தப் பக்கம் இழுக்கோ அந்தப் பக்கம் பிரேக் பிடிக்குன்னு அர்த்தம். பிடிக்காத பக்கத்தல்லா பாக்கணும்."

இடது டிரம்மைக் கழற்றினார். தூசியை ஈரத்துணியால் ஒற்றியெடுத்தார். பழைய லைனிங்கில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கும். நான் வாயால் ஊதித் தள்ளிக்கொண்டிருந்தேன். வீல் சிலிண்டர் கசிந்து லைனிங் ஆயிலில் ஊறியிருந்தது. சுழலும் டிரம், சுழற்சியின் திசையில் விரியும் ஷூவைத் தானே இழுத்து இன்னும் இறுக்கிக்கொள்ளும். ஒரு சக்கரத்தில் இந்தப் பிடி பெருகி, மற்றதில் நழுவினால் வண்டி திரும்பத்தான் செய்யும். சிலிண்டரைச் சரிசெய்து, இரண்டு பக்கத்துக்கும் சேர்த்தே புது ஷூ போட்டார். சாக்பீஸ் தேய்த்து, எங்கே படுகிறதென்று பார்த்து, மேடான இடத்தை உப்புத்தாளால் தேய்த்தார். ஏர் எடுத்ததும் பெடல் கெட்டியாயிற்று.

"முன்னால யாரோ பெட்ரோல்ல கழுவி மாட்டியிருக்காவ" என்றார்.

நான்தான். சில மாதங்களுக்கு முன்பே கசிவைப் பார்த்திருந்தேன். ஜோடியாக மாற்றினால் செலவு என்று லைனிங்கைக் கழுவி மாட்டினேன். அதன் பிறகு வலப்பக்கத்தையே பிரித்துக்கொண்டிருந்தேன். அண்ணாச்சியிடம் பேசாமல் இருந்துவிட்டேன்.

சென்ற வருஷம் ஒரு நண்பரின் கவிதைத் தொகுதி பற்றி எழுதிய கட்டுரை ஞாபகத்துக்கு வந்தது. அவை இறந்த தகப்பனாரைப் பற்றிய கவிதைகள். உணர்ச்சியின் பக்கம் இழுக்கின்றன என்று வரிவரியாகப் பிரித்துக் காட்டியிருந்தேன். என் அப்பா இறந்து ஒரு மாதம்கூட ஆகியிருக்கவில்லை. எனக்குள் எது பிடிக்காமல் நழுவிக்கொண்டிருந்தது என்று நான் பார்க்கவில்லை. அந்தக் கவிதைகளில் குறையே இல்லை என்று இப்போது மாற்றிச் சொல்ல வரவில்லை. மூன்றாவது கவிதை இன்றும் தளர்ந்ததாகவே படுகிறது. ஆனால் என் அளவுகோல் எந்தப் பக்கம் கசிந்திருந்தது என்பதையும் அந்தக் கட்டுரையில் எழுதியிருக்க வேண்டும். நண்பரிடமிருந்து அதன் பிறகு கடிதம் இல்லை.

மறுவாரம் அண்ணாச்சியிடம் போய், கழுவியது நான்தான் என்றேன்.

"தெரியும்லா" என்றார்.

வீட்டில் இன்னும் சொல்லவில்லை. மகளைப் பின்சீட்டில் உட்காரச் சொல்லியிருக்கிறேன். ஏன் என்று கேட்டுக்கொண்டிருக்கிறாள்.