வெயில் தின்னும் சருகு

மாசியில் சேத்துமடை தாண்டி டாப்ஸ்லிப் ஏறினால் தேக்கங்காடு மொட்டையாக நிற்கும். தரையெல்லாம் அப்பளம் போட்டு வைத்தாற்போல் சருகு. "கால வெச்சா மானுக்குத் தந்தி போயிரும் கண்ணு" என்பார் அப்புச்சி.

ரயில் கட்டைக்கும் கப்பலுக்கும் வெட்டித் தீர்த்த மலை அது. வெட்டிய அடிக்கட்டைகளிலிருந்தே தேக்கைத் திரும்பத் துளிர்க்கவிட்ட ஹியூகோ வுட் துரையின் கல்லறை அங்கேதான் இருக்கிறது, இறந்தது 1933இல். மரத்தைப் பற்றிப் பேச ஆளுண்டு. சருகுக்கு யார்?

மக்க வைப்பது பூஞ்சையும் கரையானும் என்றுதான் பள்ளியில் படித்தோம். பங்குனி, சித்திரையில் பொட்டு ஈரமில்லாமல் பூஞ்சை எங்கே வேலை செய்யும்? ஆனாலும் துருநிறச் சருகு வெளுத்து, கையில் எடுத்தால் பொடியாகிறதே!

அப்புச்சி தோட்டத்து ஓலைச் சாளை ஞாபகம் வருகிறது. மேல் தடுக்கு வெளுத்து உதிரும். அடியில் இருப்பது அடுப்புப் புகையேறிக் கறுத்து, கெட்டியாகக் கிடக்கும். மழையைத்தான் திட்டுவார். வெயிலை அவர் சந்தேகப்பட்டதேயில்லை.

அர்ஜென்டினாவின் படகோனியா வறண்ட புல்வெளியில் ஆமி ஆஸ்டினும் லூசியா விவாங்கோவும் அந்தச் சந்தேகத்தைச் சோதித்து 2006இல் எழுதினார்கள். வெயிலை மறைத்த இடத்தில் சருகு மக்குவது 60 சதவீதம் குறைந்தது. நுண்ணுயிர்களை அடக்கியபோதோ பெரிய மாற்றமில்லை. இலைக்கு விறைப்பைத் தரும் லிக்னின், பூஞ்சைக்கே லேசில் செரிக்காதது. ஆனால் ஒளியை உறிஞ்சிச் சிதைந்துவிடும். அது விலகினால் உள்ளிருக்கும் நார்ச்சத்து, மழை வந்ததும் நுண்ணுயிர்களுக்கு எளிதாகக் கிடைக்கும்.

அது குளிர்ப் புல்வெளி, நம் தேக்கங்காடு வேறு. கணக்கு அப்படியே பொருந்தாது. ஆனால் இலையுதிர்ந்து கூரையில்லாமல், தென்மேற்கு மழை வரும்வரை மாதக்கணக்கில் காயும் தரை வேறெங்கே இருக்கிறது? டாப்ஸ்லிப் பக்கத்திலேயே கரியன் சோலை. உள்ளே நுழைந்தால் பகலிலும் இருட்டு, காலடியில் ஈரம். அங்கே வெயிலுக்கு வேலை கொஞ்சம்தான். முழுக்கப் பூஞ்சையின் ராஜ்ஜியம். இரண்டையும் ஒரே நாளில் நடந்து பார்க்கலாம்.

புதுப்புல் முளைக்கட்டும் என்று மேய்ச்சல்காரர்கள் சருகில் தீ வைப்பதை அப்புச்சி தப்பென்று நினைத்ததில்லை. "எப்படியும் மக்கறதுதானே?" என்பார். மக்கினால் மண்ணுக்குள் போகும் தழைச்சத்தில் பெரும்பகுதி தீயில் புகையாகிவிடும். மிச்சச் சாம்பலைச் சரிவில் விழும் முதல் மழை அள்ளிக்கொண்டு ஓடும். இதைச் சொன்னால் அவர் வெற்றிலையை மடித்துக்கொண்டே, "ஆட்டுக்கு நீ புல்லுப் போடறயா?" என்று கேட்டிருப்பார். அதற்கு இப்போதும் என்னிடம் பதில் இல்லை.