ஓலை வாசிக்கும் முன்

உச்சிப்புளியிலுள்ள கடற்படை விமானத் தளத்திற்கு 2009-ஆம் ஆண்டில் 'பருந்து' என்று பெயரிட்டனர். பாம்பன், மண்டபம் கரைகளில் வலை பிரிக்கும் பெண்கள், தலைக்கு மேல் விமானம் இரைந்து சென்றாலும் இப்பொழுது நிமிர்ந்து பார்ப்பதில்லை, பழகிவிட்டது.

அக்கரையூர் ஒன்றிலிருந்து சென்ற மாதம் ஒரு தாய் நம்மைக் காண வந்தார். மகள் விமானப் பணிப்பெண். திருமணம் நிச்சயமாகியிருக்கிறது. கல்யாணத்துக்குப் பின் பறக்கிற வேலை வேண்டாம் என்கிறார்களாம் மாப்பிள்ளை வீட்டார். "நீங்களே பிள்ளைக்கு எடுத்துச் சொல்லுங்க சாமி" என்றார்.

நாம் உடனே மறுமொழி கூறவில்லை. குருப்பட்டம் பெற்ற புதிதில் வேறொரு பங்கில் இதே வேண்டுகோளுக்கு இணங்கி, இதே பணியிலிருந்த ஒரு பெண்ணை வேலையை விடும்படி அறிவுறுத்தியவர் நாமே. அவளும் தலைகுனிந்து "சரி சாமி" என்றாள். சில ஆண்டுகளில் கணவர் நோயுற்றார். மீண்டும் வேலை கேட்டுச் சென்றபோது வயது கடந்துவிட்டது என்று அனுப்பிவிட்டார்கள். அவள் இன்றுவரை நம்மைக் குறைகூறியதில்லை. அதுதான் உறுத்துகிறது.

ஒரு காலத்தில் விமான நிறுவனங்களே இவ்வாறு விதி வகுத்திருந்தன. ஏர் இந்தியாவில் பணிப்பெண் நான்கு ஆண்டுகளுக்குள் மணம் புரிந்தாலும், முதன்முறை கருவுற்றாலும், 35 வயது நிறைந்தாலும் வெளியேற வேண்டும். நர்கேஷ் மீர்சா வழக்கில் 1981 ஆகஸ்டு 28 அன்று உச்சநீதிமன்றம், கருவுற்றதற்காக நீக்குவது செல்லாது என்று தீர்த்தது. ஆனால் நான்காண்டுத் திருமணத் தடையை நியாயமென விட்டுவிட்டது. மூன்றாம் முறை கருவுற்றால் நீக்குவதும், மக்கள்தொகையை முன்னிட்டு ஏற்கத்தக்கதே என்றது! பெற்றோருக்கு மூன்றாம் மகவாகப் பிறந்த நமக்கு அவ்விடம் மட்டும் கசக்கிறது.

பதினேழு நாள் கழித்துத் திருத்தந்தை இரண்டாம் அருளப்பர் சின்னப்பரின் உழைப்பு பற்றிய சுற்றுமடல் வெளியாயிற்று. தாய் இல்லத்திலிருந்து பிள்ளைகளைப் பேணுவதை அது பெரிதும் போற்றுகிறது. முன்னேற விழையும் பெண், அதற்கு விலையாகத் தன் குடும்பத்தை இழக்க நேராதபடி தொழிலின் அமைப்பே திருந்த வேண்டும் என்றும் அது கூறுகிறது. நாம் அன்று முற்பகுதியை மட்டும் நினைவில் வைத்திருந்தோம் போலும்.

சட்டமோ மெல்ல மெல்ல வழி திறந்துவிட்டது. 2017 முதல் பேறுகால விடுப்பு 26 வாரம். கடற்படையில் விமானப் போக்குவரத்துக் கட்டுப்பாடு உள்ளிட்ட பிரிவுகளில் குறுகிய காலப் பணியோடு வெளியேற வேண்டியிருந்த பெண் அதிகாரிகளுக்கும் நிரந்தரப் பணி உண்டு என 2020 மார்ச்சில் தீர்ப்பாயிற்று. நம் நாட்டு விமானிகளில் ஏறத்தாழ 15 விழுக்காட்டினர் பெண்கள். உலகளவில் 5 விழுக்காட்டை ஒட்டியே. இத்தனையும் கடந்து வந்த பெண்ணை நிறுத்துவது இப்பொழுது கல்யாணப் பேச்சு நடக்கும் திண்ணை.

"பிள்ளையின் விருப்பம் என்னம்மா?" என்று வினவினோம். "அவளைக் கேட்கலையே சாமி" என்றார் அத்தாய்.

நம் கரையில் ஆண்கள் தங்குகடலுக்குச் சென்று நாட்கணக்கில் திரும்பாதிருக்கிறார்கள். பிள்ளைகளைப் பாட்டிமார் வளர்க்கிறார்கள். அதற்காக எந்த மணமகனிடமும் கடலை விடச் சொன்னதில்லை. இதை மாப்பிள்ளைப் பையனிடமே சொல்லிவிட எண்ணி, வரும் ஞாயிறு திருப்பலி முடிந்ததும் இருவரையும் பங்கு இல்லத்திற்கு வரச் சொல்லியிருக்கிறோம். பெண் முதலில் பேசட்டும். முதல் ஓலை அதற்கடுத்த வாரம்தான்.